வெள்ளியும் போலியும்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி நகையின் தரம் அறியும் முறை பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் பொற்கொல்லரும் அல்லோம். இரசாயனம் பயின்ற பேராசிரியரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எடையையும் முத்திரையையும் சீட்டையும் ஒத்துப் பார்த்துக் காலம் கழிக்கும் எழுத்தர். ஆயினும் வெள்ளி வாங்குவோர்க்கு வேண்டுவனவும் அம்மூன்றே ஆதலின், துணிந்து நிற்கின்றோம்.

குர்தா ரோடு காலனியில் வாழும் நமக்குக் கட்டக் நகரம் ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ளது. தாரகசி என்னும் வெள்ளிக் கம்பி வேலைக்கு அந்நகர் பேர் பெற்றது. துர்க்கா பூசைப் பந்தல்களில் தேவியின் பின்னே ஒளிரும் வெள்ளித் திருவாசியும், ஒடிசி நடன மாதர் அணியும் அணிகளும் அக்கைவினையே. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் நாத்தனாருக்கு ஒரு குங்குமச் சிமிழ், மருமகளுக்கு ஒரு ஜோடித் தோடு என்று வாங்கிச் செல்லாத வீடு நம் காலனியில் அரிது. அவ்வாறு வாங்குவது அன்பளிப்பு மட்டுமன்று. நம் போன்ற மாதச் சம்பளக்காரர்க்கு அது ஆபத்துக்கால நிதியும் ஆகும்.

இங்குதான் இடர் உளது. நம் காலனிக் குடும்பம் ஒன்று மருத்துவச் செலவை முன்னிட்டுப் பெட்டியிலிருந்த வெள்ளியை விற்கச் சென்றது. உரசிப் பார்த்தவர் பாதிக்கு மேல் ஜெர்மன் சில்வர் என்று திருப்பித் தந்தார். வாங்கிய கடைக்குச் செல்லலாம் என்றால் சீட்டு இல்லை. நோயாளி படுத்திருக்கும் வேளையில் அவ்வம்மையார் பட்ட துயரம் சொல்லுந் தரமன்று. போலியின் கொடுமை வாங்கும் நாளில் தெரிவதில்லை. விற்கும் நாளில்தான் தெரிகின்றது.

ஜெர்மன் சில்வர் என்பது யாது? செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். பெயரில் வெள்ளி உண்டே ஒழிய, பொருளில் ஒரு குன்றிமணி வெள்ளியும் இல்லை. வெளுத்ததெல்லாம் பால் ஆகுமா? பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசுவது இரண்டாம் வகை. உண்மை வெள்ளியையே குறைந்த மாற்றில் உருக்கி, உயர்ந்த மாற்றாக விற்பது மூன்றாம் வகை. இம்மூன்றாவதே மிகவும் நுட்பமானது.

தூய வெள்ளி மென்மையானது. ஆதலின் உறுதிக்காகச் சிறிது செம்பு சேர்ப்பர். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியாயின் அதனையே 925 என்பர். 200 கிராம் கொலுசு ஒன்று இத்தரத்ததாயின் அதில் தூய வெள்ளி 185 கிராம் இருத்தல் வேண்டும். 600 தரத்தை 925 என்று விற்றால் உள்ளது 120 கிராமே. 65 கிராம் வெள்ளியின் விலை காற்றில் போயிற்று.

இனி, வழக்கத்திலுள்ள சோதனைகளை ஆராய்வோம். காந்தத்தில் ஒட்டினால் அப்பொருள் வெள்ளியன்று. ஆயின் ஒட்டாததனால் வெள்ளி என்று துணிதல் கூடாது. செம்பும் பித்தளையும் ஜெர்மன் சில்வரும் ஒட்டுவதில்லை. உண்மை நகையிலும் கொக்கியின் உள்ளிருக்கும் எஃகுச் சுருள் மட்டும் ஒட்டக்கூடும். பனிக்கட்டி வெள்ளியின்மேல் விரைந்து உருகும் என்பர். வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளி முதன்மையானது என்பது மெய்யே. செம்பு அதற்கு மிக அண்மையில் நிற்பதால் இச்சோதனையும் முடிவானதன்று.

கறுத்துப் போகும் நகை போலி என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் உண்மை வெள்ளியே கறுக்கும். கறுக்காமல் இருக்கும்பொருட்டு நல்ல வெள்ளிக்கு ரோடியம் முலாம் பூசுவதும் உண்டு. ‘ஆக்ஸிடைஸ்டு’ என்று சந்தையில் தொங்கும் கருநிற அணிகளுள் வெள்ளியே இல்லாதன மிகப் பல. ஆகவே நிறம் சாட்சி சொல்லாது.

இல்லத்தில் செய்யத்தக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. சிறு மின் தராசில் நகையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, நகையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருள் முழுதும் அமிழ்த்துங்கள். தராசு எத்தனை கிராம் கூடக் காட்டுகிறதோ, அதனால் நகையின் எடையை வகுங்கள். 925 வெள்ளியாயின் ஏறத்தாழ 10.3 வரும், ஜெர்மன் சில்வராயின் 8.5 அல்லது 8.7 அளவில் நிற்கும். 52 கிராம் வெள்ளி தராசில் ஏறக்குறைய 5 கிராம் கூட்டும். அதே எடையுள்ள போலி 6 கிராம் கூட்டும். கல் பதித்தவற்றுக்கும், உள்ளே அரக்கு நிரப்பியவற்றுக்கும் இக்கணக்கு பொருந்தாது. கம்பி வேலையில் காற்றுக் குமிழிகள் தங்கும். நீரில் நன்கு அசைத்து அவற்றைப் போக்குதல் வேண்டும்.

உரைகல்லும் நைட்ரிக் திராவகமும் பொற்கொல்லர்க்கு உரியன. தாய்மார்கள் அத்திராவகத்தை வீட்டில் கையாளுதல் கூடாது. உரைகல்லும் மேற்பரப்பையே காட்டும். தடித்த முலாம் அதனையும் ஏமாற்றும்.

எல்லாவற்றினும் மேலானது முத்திரை. இந்தியத் தர அமைவனம் வெள்ளிக்கு ஹால்மார்க் வழங்கி வருகின்றது. 2025 செப்டம்பர் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி இடும் முறை வெள்ளிக்கும் வந்தது. கட்டாயமாக அன்றி, விருப்ப முறையாகவே தொடங்கப்பட்டது. அக்குறியைக் கைப்பேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் நகையின் விவரம் தெரியும். வண்டிப் பெட்டியின் முத்திரை எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பதைப் போன்றதே இது. வெறும் 925 என்ற எண்ணை எவரும் ஓர் அச்சால் அடித்துவிடலாம். அது மட்டும் போதாது. ஹால்மார்க் பெற்ற நகையில் தரம் குறைந்திருப்பின், குறைந்த தரத்துக்கு உரிய மதிப்பின் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆதலின் எடை, தரம், கூலி தனித்தனியே எழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுக, நகையோடு பத்திரப்படுத்துக.

தாரகசியில் மற்றொரு போலியும் உண்டு. வெள்ளி உண்மையாக இருக்கும். வேலை பொய்யாக இருக்கும். கட்டக் கைவினைஞர் வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, இரண்டிரண்டாக முறுக்கி, தட்டையாக்கி, வளைத்து, பற்றாசு வைத்து ஒட்டுகின்றனர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் முறுக்கு தெரியும். பின்புறமும் கம்பியாகவே இருக்கும். ஓர் இதழ்போல் மற்றோர் இதழ் அச்சாக இராது. அச்சில் வார்த்ததோ முறுக்கின்றி மழுங்கி, இதழெல்லாம் ஒன்றேபோல் நிற்கும். 2024இல் கட்டக் தாரகசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இவ்வேறுபாட்டைக் காக்கும் பொருட்டே. கூலி மிக மலிவாயின், அங்கே கை வேலை இல்லை என்று அறிக. நகையை விற்கும் நாளில் கூலி திரும்பாது என்பதும் நினைவிருக்கட்டும். அது கலைக்கு நாம் செலுத்தும் காணிக்கை. வார்த்த பொருளுக்கு அக்காணிக்கையைச் செலுத்தினால் நம் பணமும் போகும். கண் மங்க உழைக்கும் கைவினைஞரின் கஞ்சியும் போகும். நமக்குச் சோறிட்டு வாழவைக்கும் இவ்வொடிய நாட்டார்க்கு நாம் செய்யும் நன்றி அதுவன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் நூல்நிலையத்தில் ஒரு மின் தராசும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கி வைத்தல் நன்று. செலவு சிறிது, பயன் பெரிது. விடுமுறைக்குப் புறப்படுமுன் வாங்கிய வெள்ளியை அங்கே கொணர்ந்து பார்த்துக்கொள்ளலாம். சீட்டும் கையில் இருப்பின், குறை கண்ட அன்றே கடைக்குத் திரும்பலாம்.