பேர்சி என்னும் பெயர்

இங்கிலாந்தின் வடபுலத்தில் ஒரு கதை வழங்கிவந்தது. 1093ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து மன்னன் மூன்றாம் மல்கம் அன்னிக் கோட்டையை முற்றுகையிட்டானாம். கோட்டைத் திறவுகோலை ஈட்டிமுனையில் ஏந்தி வந்த வீரன் ஒருவன், அதனைப் பெறக் குனிந்த மன்னனைக் கண்ணிலே குத்திக் கொன்றானாம். ஆங்கிலத்தில் ‘கண்ணைத் துளை’ எனப் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்து, அவ்வீரனின் வழியினர்க்குப் ‘பேர்சி’ என்ற பெயராயின என்பர்.

அன்னிக்கில் அவ்வாண்டு மல்கம் மாண்டது மெய்யே. ஆயினும், பேர்சி குடும்பத்தார் அன்னிக்கை டர்ஹம் ஆயரிடமிருந்து வாங்கியது 1309இலேதான். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் பேர்சிகளாக வாழ்ந்தனர். கதை செவிக்கு இனியது. வரலாற்றின் முன் நில்லாது.

உண்மையில் அஃது ஓர் ஊரின் பெயர். நோர்மண்டியில் பேர்சி என ஊர்கள் உள. பிறந்த ஊரை அல்லது ஆண்ட நிலத்தைப் பெயரோடு சேர்த்து வழங்குவது நோர்மானியப் பிரபுக்களின் வழக்கம். 1066இல் இங்கிலாந்து நோர்மானியர் வசமானதைத் தொடர்ந்து அங்கு வந்தவருள் ஒருவன் வில்லியம் டி பேர்சி. 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கேட்டில் யோர்க்சயரிலும் லிங்கன்சயரிலும் அவனுக்குப் பெருநிலங்கள் காணப்படுகின்றன. முகம் மழித்த நோர்மானியரிடையே அவன் மீசை வளர்த்திருந்தான். அதனாற் பெற்ற ‘மீசைக்காரன்’ என்னும் பட்டப்பெயரே பிற்காலத்தில் ‘அல்ஜெர்னன்’ என்ற கண்ணியமான ஆண்பெயராயிற்று! முதலாஞ் சிலுவைப்போருக்குச் சென்ற அவன் நாடு திரும்பவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அவனது ஆண்வழி அற்றது. பெயர் அறவில்லை. மரபின் செல்வியாகிய அக்னஸ், அரசி அடெலிசாவின் உடன்பிறந்தானாகிய லூவேன் ஜொசெலினை மணந்தாள். மக்கள் தாயின் பெயரையே தரித்தனர். 1377இல் அக்குடும்பம் நோர்தம்பர்லாந்துப் பிரபுப் பட்டம் பெற்றது. 1403இல் சுரூஸ்பரிப் போரில் அரசனை எதிர்த்து மடிந்தவனும், பின்னர் சேக்ஸ்பியரின் நாடகத்திற் புகழ்பெற்றவனுமாகிய ‘ஹொட்ஸ்பர்’ அம்மரபினனே.

1670இல் ஆண்வழி மீண்டும் அற்றது. எஞ்சிய ஒரே மகளின் பேர்த்தியை 1740இல் மணந்தவர் யோர்க்சயர்க்காரரான சேர் ஹியூ சிமித்சன். சிமித்சன் என்றால் கொல்லன் மகன். 1750இல் அவர் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அப்பெயரைக் களைந்து, பேர்சி என்பதை ஏற்றார். 1766இல் நோர்தம்பர்லாந்துக் கோமகனுமானார்.

அவருக்கு மணவுறவுக்குப் புறம்பாகப் பிறந்த மகன் ஒருவன் இருந்தான். தந்தை சூடிய பெயர் அவனுக்குக் கிடைத்திலது. தாய் தன் கணவர்வழி பெற்ற பெயரான மேசி என்பதைத் தாங்கி, இரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்டுத் தேர்ந்த அவன், 1800இல் தாய் இறந்தபின், தந்தை கழற்றிப்போட்ட பெயரையே எடுத்து ஜேம்ஸ் சிமித்சன் ஆனான். 1829இல் மணமாகாமலே இறந்தான். சகோதரன் மகன் சந்ததியின்றி இறப்பின் தன் செல்வம் ஐக்கிய அமெரிக்காவைச் சேரவேண்டும் என்றும், அதைக்கொண்டு வாஷிங்டனில் அறிவை வளர்த்துப் பரப்பும் நிலையம் ஒன்றைத் தன் பெயரால் நிறுவவேண்டும் என்றும் அவன் மரணசாதனம் கூறிற்று. அமெரிக்காவை அவன் ஒருநாளும் கண்டதில்லை. சகோதரன் மகனும் அவ்வாறே இறக்க, 1846இல் சிமித்சோனியன் நிலையம் எழுந்தது.