தாகம் பலவீனமன்று

 

மனித உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். அதனை உறுதியாக வைத்திருக்க விளையாட்டு பெரிதும் உதவுகின்றது. ஆயினும், உறுதியேற்றுவதாக எண்ணிக்கொண்டே அவ்வுடலை அழிவில் தள்ளிவிடுவோரும் உளர். கடும் வெயிலில் பயிற்சி பெற்ற அமெரிக்கக் காற்பந்து வீரர்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்கர் ஆடும் காற்பந்து நமது உதைபந்தாட்டத்தினின்றும் வேறானது. தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்தே வீரர்கள் அதில் மோதுகின்றனர். பயிற்சி முகாம்களோ கோடை காலத்தில் ஆரம்பமாகின்றன. பயிற்சியின் நடுவே தண்ணீர் கேட்பது கோழைத்தனம் என்ற எண்ணம் அங்கு நெடுங்காலம் நிலவிற்று. 1954ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஜங்ஷன் என்னும் ஊரில் நடைபெற்ற முகாமில், கொளுத்தும் வெயிலிலும் வீரர்களுக்கு நீர் அருந்த இடைவேளை வழங்கப்படவில்லை. பலர் முகாமை விட்டே வெளியேறினர். எனினும், பின்னாளில் அம்முகாம் வீரத்தின் அடையாளமாகப் புகழப்பட்டது.

உடலின் இயல்பு இப்புகழுக்குக் கட்டுப்படுவதில்லை. தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெப்பமாகவே வெளிப்படுகின்றது. வியர்வை ஆவியாகும்போதே அவ்வெப்பம் பெருமளவு நீங்குகின்றது. காற்றில் ஈரப்பதன் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது சொட்டி விழும். அப்போது உடல் நீரை இழக்குமேயன்றிக் குளிர்வதில்லை. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, அறிவும் தடுமாறுமாயின், அது உயிராபத்தான வெப்பத்தாக்கமாகும்.

2001ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி, மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் 27 வயது வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் வெயிலில் பயிற்சி பெற்றபின் தளர்ந்து வீழ்ந்தார். வைத்தியசாலையில் அவரது உடல் வெப்பம் 42 பாகையைத் தாண்டியிருந்தது. மறுநாள் அதிகாலை அவர் மரணமானார். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், மேரிலாந்துப் பல்கலைக்கழக மாணவர் ஜோர்டன் மெக்நெயர் ஓட்டப் பயிற்சியின்போது நிலைகுலைந்தார். அவரைக் குளிர்நீரில் அமிழ்த்தும் சிகிச்சை மைதானத்தில் அளிக்கப்படவில்லை. இரு வாரங்களின் பின் 19 வயதிலேயே அவர் உயிர் நீத்தார். பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பைப் பகிரங்கமாக ஏற்றார். ஆனால் பெற்றோர் இழந்த மகன் மீளவில்லை.

நேயர்களே! நமது பிள்ளைகளும் வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த பொழுதுகளில் பாடசாலை மைதானங்களில் ஓடுகின்றனர். ஆகவே பயிற்றுநர்களும் பெற்றோரும் சில விடயங்களைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாட்கள் வரை தேவை. எனவே முதல் நாட்களிற் பயிற்சி இலகுவாக அமைய வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, ஒரு கிலோ குறைந்திருப்பின் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் இழக்கப்பட்டதென அறியலாம். அதற்காக அளவுமீறி நீர் அருந்துதலும் ஆபத்தானதே; இரத்தத்தில் உப்பின் செறிவு அதனால் குறைந்துவிடும். நோன்பு காலத்திற் பகலில் நீர் அருந்த இயலாதாகையால், கடும் பயிற்சியை இரவுக்கு மாற்றுவதே அறிவுடைமை.

வீரர் ஒருவர் நிதானமிழந்து பிதற்றினால், அவரது காப்புடைகளைக் களைந்து, பனிக்கட்டி இட்ட நீரில் கழுத்துவரை அமிழ்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்தல் வேண்டும். அவ்வேளையிலேயே அம்புலன்ஸையும் அழைத்தல் வேண்டும். முதலிற் குளிர்வித்தல், பின்னரே கொண்டு செல்லுதல் என்பதே மருத்துவர் கூறும் ஒழுங்கு. முதல் அரை மணி நேரத்துள் உடல் குளிர்விக்கப்படின் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

தண்ணீர் கேட்கும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். கேட்கத் தயங்கும் பிள்ளைக்கும் நீங்களாகவே முன்வந்து கொடுங்கள். அப்பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் விடப்பட்ட அமானிதங்கள்.