மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீக்கம்: தோட்டத்து மகளிரும் தொடர் கவனிப்பும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களின் கையில் தோன்றும் நிணநீர் வீக்கம் இம்மாநாட்டின் ஆய்வுப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராஜா ஜுமாத்தின் ஆளுகையில் ஈயச் சுரங்கங்களால் பெயர்பெற்று, பின்னர் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறமாக மாறிய லுக்குட்டில் இப்பொருள் பேசப்படுவது பொருத்தமே. ஏனெனில் இவ்வட்டாரத்துப் பெண்கள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கையின் வலுவை நம்பியே குடும்பம் நடத்தி வந்துள்ளனர்.

இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரும் அதனுடன் வெளியேறும் புரதமும் மீண்டும் இரத்தத்தில் சேர்வதற்குரிய பாதையே நிணநீர் மண்டலம் ஆகும். கையின் நிணநீர் பெரும்பாலும் அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்கள், அதாவது அந்நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள், வழியாகவே நெஞ்சை நோக்கிச் செல்கிறது. புற்றுநோய் பரவியிருப்பதால் அக்கணுக்கள் அகற்றப்படும்போதும், கதிர்வீச்சால் அவ்விடம் தழும்பேறும்போதும், பாதை குறுகிப் புரதம் மிகுந்த நீர் கையிலேயே தங்கிவிடுகிறது. தங்கிய புரதம் அழற்சியைத் தூண்டி, நாளடைவில் கொழுப்பும் நார்த்திசுவும் படியச் செய்வதால், தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழிவிழுந்து, கையை உயர்த்தி வைத்தால் வடியும் வீக்கம், பின்னர் எதற்கும் வடியாத தடிப்பாக இறுகிவிடுகிறது. சிறுநீரைப் பெருக்கும் ‘நீர் மாத்திரை’ நீரை வெளியேற்றுமேயன்றிப் புரதத்தை அகற்றாது என்பதால், இவ்வீக்கத்துக்கு அது மருந்தாவதில்லை.

மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் அறுவை முறையை நிலைநிறுத்திய அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அவ்வறுவைக்குப் பின் வரும் கை வீக்கத்தைப் பற்றி 1921இல் தனிக் கட்டுரையே எழுதினார். 1990களில், கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையெனில் ஏனையவற்றை விட்டுவிடும் காவற்கணு முறை பரவியது. ‘லான்செட் ஆங்காலஜி’ இதழ் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அக்குள் கணுக்கள் முழுதும் அகற்றப்பட்ட பெண்களுள் 19.9 விழுக்காட்டினருக்கும், காவற்கணு மட்டும் எடுக்கப்பட்டோருள் 5.6 விழுக்காட்டினருக்கும் வீக்கம் ஏற்பட்டது.

ஆயினும் இம்முன்னேற்றத்தின் பயன், நோய் அக்குளை எட்டுமுன் மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கே முழுமையாகக் கிட்டும். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கை, வயது சீராக்கிய கணக்கில் ஒரு இலட்சம் பெண்களுக்கு 34.1 பேர் என்ற விகிதத்தில் மார்பகப் புற்றுநோய் காணப்படுவதையும், இந்தியப் பெண்களிடையே அது 38.1 ஆக இருப்பதையும், கண்டறியப்பட்டோருள் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் வந்தவர்கள் என்பதையும் காட்டுகிறது. தாமதமாக வரும் பெண்ணுக்குக் கணுக்களை முழுதும் அகற்றுவதும் கதிர்வீச்சும் பெரும்பாலும் சேர்ந்தே தேவைப்படுவதால், கை வீக்கத்தின் இடர் அவளுக்கே மிகுதி. எனவே கை வீக்கத்தைத் தடுக்கும் பணி, கட்டியைக் காலத்தில் கண்டறிவதிலிருந்தே தொடங்குகிறது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் வேலையையும் ஆய்வுலகம் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது. ரப்பர்ப் பால் வெட்டும் கை, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே சாய்வில் கத்தியை இழுத்து, பின் நிறைந்த வாளியைச் சுமக்கிறது. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் விரல்களில் மட்டையின் முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. களைக்கு மருந்து அடிப்பவளின் தோளிலோ முதுகுப் பம்பின் வார் அழுத்துகிறது. இவற்றுள் முள் தைப்பதே மிகக் கொடியது. நிணநீர் தேங்கிய கையில் நுழையும் கிருமி, சில மணி நேரத்திலேயே சிவப்பும் எரிச்சலும் குளிர்க்காய்ச்சலுமாகப் பரவித் தோலடி அழற்சியை உண்டாக்கக்கூடும். அத்தகைய ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சியுள்ள நிணநீர்க் குழாய்களையும் சிதைப்பதால், அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி இரண்டு நாள் பொறுத்திருப்பது கையையே விலையாகக் கேட்கும். முள் தைத்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, கிருமிநாசினி இட்டு, சிவப்புப் பரவினால் அன்றே மருத்துவரிடம் நுண்ணுயிர்க்கொல்லி பெற வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய விதி.

இதற்கு நேர்மாறாக, அச்சத்தால் கையை அறவே முடக்கிவிடுவதும் தீங்கே. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 2009இல் வெளிவந்த ஆய்வில், கை வீக்கமுடைய 141 பெண்களுள் மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கப் பழகிய பிரிவினரில் வீக்கம் மோசமடைந்தவர்கள் 14 விழுக்காடும், பழகாத பிரிவினரில் 29 விழுக்காடும் ஆவர். ஆகவே “வாளியைத் தொடாதே” என்னும் அறிவுரையைவிட, எவ்வளவு எடையில் தொடங்கி எவ்வாறு கூட்டுவது என்னும் வழிகாட்டலே பெண்ணை வேலைக்கும் வருமானத்துக்கும் மீட்கும். அவ்வாறே, எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் சூடான ஒத்தடமும் இக்கைக்கு ஏற்றவையல்ல; பயிற்சி பெற்றோர் மேற்கொள்ளும் நிணநீர் வடிப்பு, தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் மென்மையான முறையாகும். அதனுடன் பலபடைக் கட்டு, அளவெடுத்துத் தைத்த அழுத்த உறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவை சேர்ந்ததே முழுமையான சிகிச்சை. இவ்வூரின் வெக்கையிலும் வியர்வையிலும் அவ்வுறையை நாள்தோறும் அணிய வேண்டுமானால் மாற்றித் துவைக்க இரண்டேனும் வேண்டும். மீள்தன்மை தளர்வதால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதியன வாங்கவும் வேண்டும்.

சிரம்பானின் துவாங்கு ஜாபார் மருத்துவமனையும், கோலாலம்பூர், புத்ராஜெயா மருத்துவ நிலையங்களும் புற்றை அகற்றலாம். ஆனால் வீக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், பெண் தன் வீட்டில் இருக்கும்போது, வளையல் ஏறாமையாகவும் ரவிக்கைக் கை இறுகுவதாகவும் இனம்புரியாத கனமாகவுமே தலைகாட்டுகிறது. அதைக் கண்டறியத் தையற்காரரின் அளவுநாடாவே போதுமானது. பழகிய கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும் என்பதால், அறுவைக்கு முன்பே இரு கைகளையும் மணிக்கட்டு முதல் குறித்த இடங்களில் அளந்து பெண்ணின் அட்டையில் எழுதிவிட்டால், பின்னர் அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் தாதியே மாற்றத்தை உணர்ந்து, இரண்டு செண்டிமீட்டர் அளவு கூடியதும் மேல் சிகிச்சைக்கு அனுப்ப முடியும். இவ்வுரையின் மையக் கருத்து இதுவே: கை வீக்கத்தின் கண்காணிப்பு தொலைதூர மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அருகில் வந்தாக வேண்டும்.

இக்கருத்தின் அடிப்படையில் மூன்று கடமைகள் அமர்வுகளின் முன் வைக்கப்படுகின்றன. முதலாவது, அறுவைக்கு முந்தைய அளவீட்டையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவீட்டையும் நடைமுறையாக்கும் எளிய படிவம் ஒன்றை, பெண்ணின் தொழிலையும் கேட்டுப் பதிவதாக, வகுத்தல். இரண்டாவது, முள், பம்பு, வாளி ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பேசும் தமிழ் வழிகாட்டி ஒன்றை உருவாக்குதல். மூன்றாவது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ‘பெக்கா பி40’ திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போர்க்கும் அவர்தம் பயணத்துக்கும் உதவித்தொகை வழங்குவது போல, அழுத்த உறையின் செலவையும் ஏற்கும் ஏற்பாட்டைக் கோரும் தீர்மானத்தை வரைதல். இம்மூன்றும் நிறைவுநாளில் எழுத்து வடிவில் அவையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற வேண்டுகோளுடன் மாநாடு தொடங்கிவைக்கப்படுகிறது.