விடுமுறை நாளின் ஊதியம்

ஆகஸ்டு 15-ஆம் நாள் ஓர் ஆலையின் வாயில் மூடப்பட்டிருக்கின்றது. அங்கு மாதச் சம்பளம் பெறும் எழுத்தருக்கு அது ஓய்வு நாள். மாத இறுதியில் அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. அதே ஆலையில் ஒப்பந்தக்காரரின் கீழ் மூட்டை தூக்கும் தினக்கூலித் தொழிலாளிக்கோ, வருகைப் பதிவேட்டில் அன்றைய கட்டம் வெறுமையாக விடப்பட்டால், அது கூலி இல்லாத நாள். நாடு முழுவதும் கொண்டாடும் ஒரு நாள் இவ்விருவருக்கும் இரு வேறு பொருளைத் தருகின்றது. ஓய்வு நாளின் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதே விடுமுறை பற்றிய தொழிற்சட்டங்கள் அனைத்துக்கும் அடியில் உள்ள வினாவாகும்.

இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. பம்பாய் ஆலைகளில் முறையான வார ஓய்வு இல்லாதிருந்த காலத்தில், 1884-இல் நாராயண் மேகாஜி லோகாண்டே தொழிலாளரைத் திரட்டி ஞாயிறு விடுமுறையைக் கோரினார். 1890-இல் பம்பாய் ஆலை அதிபர்கள் வார விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டு, 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் விதியாக்கிற்று. ஆயினும் அச்சட்டம் ஓய்வைத் தந்ததேயன்றி ஓய்வு நாளுக்குக் கூலியைத் தரவில்லை. ஊதியத்துடன் கூடிய விடுமுறை என்னும் கருத்து இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் இடம் பெற 1945 வரை காத்திருக்க நேர்ந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் நலப் பொறுப்பை வகித்த காலத்தில் நிறைவேறிய திருத்தம், 12 மாதம் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு 10 நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையை வழங்கிற்று. ஓய்வுக்கும் ஓய்வூதியமற்ற ஏழையின் அடுப்புக்கும் இடையிலிருந்த தொலைவைச் சட்டம் கடக்க 54 ஆண்டுகள் பிடித்தன.

இங்கு விடுமுறை வேறு, விடுப்பு வேறு என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். விடுமுறை நிறுவனத்தார் அனைவருக்கும் ஒரே நாளில் வருவது. விடுப்பு தனித் தொழிலாளி தன் உழைப்பால் ஈட்டிச் சேர்த்துக்கொள்வது. அலுவலகங்களிலும் இவ்விரண்டையும் குழப்புவோர் உளர்.

விடுமுறையைப் பற்றி மற்றொரு மயக்கமும் உண்டு. அரசிதழில் பொது விடுமுறை என்று அறிவிக்கப்பட்டுவிட்டால் எல்லா முதலாளிகளும் அன்று ஊதியத்துடன் விடுமுறை தந்தாக வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்படும் விடுமுறைகள், உண்டியல், காசோலை முதலியவற்றின் கெடு நாளைக் கணக்கிடுவதற்கு உரியவை. வங்கிகள் மூடப்படுவது அதனால்தான். தனியார் ஆலையின் முதலாளியை அந்த அறிவிப்பு மட்டும் கட்டுப்படுத்துவதில்லை.

அவரைக் கட்டுப்படுத்துவன மாநிலச் சட்டங்கள். தேசிய விடுமுறைகளையும் பண்டிகை விடுமுறைகளையும் தனியார் தொழில் நிலையங்கள் அனைத்துக்கும் வகுத்துரைக்கும் மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. சென்னை மாநிலமும் கேரளமும் 1958-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. கர்நாடகம் 1963-லும் ஆந்திரம் 1974-லும் அவ்வழியைப் பின்பற்றின. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன் ஐந்து பண்டிகை நாட்கள் சேர்கின்றன. கர்நாடகத்தில் நவம்பர் 1-ஆம் நாளும் சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளது. உத்தரப் பிரதேசத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டமோ மூன்று தேசிய நாட்களோடு நின்றுவிட்டது. மகாராஷ்டிரத்தில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு நாட்களை ஊதியத்துடன் அளிக்கின்றது. ஆனால் ஆட்கள் குறைந்த சிறு கடைக்கு அந்த ஏற்பாடு பொருந்துவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளில் ஒரே வேலையைச் செய்யும் இருவர், மாநில எல்லை ஒன்று நடுவே இருப்பதால், ஆண்டுக்கு ஐந்தாறு நாள் கூலியில் வேறுபடுகின்றனர்.

அந்நாளில் வேலை வாங்கவே கூடாது என்று இச்சட்டங்கள் கூறவில்லை. கொதிகலனை அணைக்க இயலாத ஆலைகளும் உள்ளன அல்லவா? தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி விடுமுறையன்று வேலை செய்தவருக்கு இரு மடங்கு ஊதியம் உரியது. அல்லது அன்றைய ஊதியமும், ஈடாக வேறொரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் உரியன. நாட்கூலி 600 ரூபாய் என்று கொண்டால், முதல் வழியில் 1,200 ரூபாய் அன்றைக்கே கணக்கில் ஏற வேண்டும். இரண்டாம் வழியில் 600 ரூபாயும் பின்னொரு நாள் ஓய்வும். நடைமுறையில் தவறு நேர்வது இந்த இரண்டாம் வழியில்தான்: ஈட்டு விடுமுறை வாக்குறுதியாகவே நின்றுவிடுகின்றது, அல்லது வழக்கமான வார ஓய்வு நாளையே ஈட்டு நாள் என்று எழுதிவிடுகின்றனர்.

“உன் கூலியிலேயே விடுமுறையும் அடங்கிவிட்டது” என்று மேஸ்திரி சொல்லும் மறுமொழியில் பாதி உண்மை இருக்கின்றது. மாதக் குறைந்தபட்ச ஊதியத்தை 26-ஆல் வகுத்து நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தால், வார ஓய்வு நாளுக்குத் தனியே கூலி தர வேண்டியதில்லை என்று 1950-ஆம் ஆண்டு மத்தியக் குறைந்தபட்ச ஊதிய விதிகள் கூறின. ஆனால் அந்த வகுத்தலில் அடங்குவது வார ஓய்வு மட்டுமே. ஆகஸ்டு 15-க்குரிய கூலியை அதனுள் திணிக்க அந்த விதியில் இடமில்லை.

தினக்கூலித் தொழிலாளியை ஐயத்திற்கு இடமின்றி மனத்திற் கொண்டு எழுதப்பட்ட மத்திய விதி ஒன்று, தொழிற்சட்டத்தில் அன்றித் தேர்தல் சட்டத்தில் காணப்படுவது வியப்புக்குரியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவின்படி, வாக்குரிமை உள்ள ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாக்குப்பதிவு நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறை ஆகும். வழக்கமாக அத்தகைய நாளுக்குக் கூலி பெறாதவராயினும், விடுமுறை இல்லாதிருந்தால் பெற்றிருக்கக் கூடிய கூலியை அவருக்குத் தர வேண்டும் என்று அப்பிரிவு தெளிவாகவே கூறுகின்றது. அவர் வராவிடில் வேலைக்கு ஆபத்தோ பெரும் நட்டமோ நேரும் என்னும் நிலையில் மட்டும் விலக்கு உண்டு. மீறும் முதலாளிக்குத் தண்டம் 500 ரூபாய் வரை. இத்தொகை பெரிய ஆலைக்கு ஒரு பொருட்டன்று என்பதை மறைப்பதற்கில்லை.

விடுப்பைப் பொறுத்தவரை அண்மையில் பெரிய மாறுதல் நேர்ந்துள்ளது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ், ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கே ஊதிய விடுப்பு கிடைத்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச் சூழல் நெறித்தொகுப்பு இந்த அளவை 180 நாட்களாகக் குறைத்தது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்னும் விகிதம் மாறவில்லை. பருவத்தை ஒட்டி வேலை நடக்கும் ஆலைகளில் ஏழு மாதம் உழைத்து விடுப்பு ஏதுமின்றி வீடு திரும்பியவர்களுக்கு இக்குறைப்பு பயன் தரும். 200 நாள் உழைத்தவர் முன்பு ஒரு நாளும் பெறவில்லை; இப்போது பத்து நாள் பெறுவார். விடுப்பின் இடையில் வரும் விடுமுறை நாட்களை விடுப்பிலிருந்து கழித்தலாகாது. வேலையை விட்டு விலகுபவருக்கும் நீக்கப்படுபவருக்கும், எஞ்சிய விடுப்புக்குரிய ஊதியத்தை இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் தந்துவிட வேண்டும்.

ஒரு நாள் கூலியைப் பற்றி இத்தனை வழக்காடுதல் ஏன் என்று கேட்கலாம். 1985-இல் உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கித் தொழிலாளர் வழக்கில் அளித்த தீர்ப்பு இதற்கு விடை தருகின்றது. ஆட்குறைப்புக்கு எதிரான பாதுகாப்பைப் பெற 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளையும் ஊதிய விடுமுறைகளையும் கழித்தே கணக்கிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். சுத்தியலோ பேனாவோ பிடித்த நாட்கள் மட்டுமல்ல, வேலையில் நீடித்து ஊதியம் பெற்ற நாட்கள் அனைத்தும் வேலை செய்த நாட்களே என்று நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. எனவே விடுமுறை நாளின் கட்டத்தில் ஊதியம் குறிக்கப்படுவதும் விடப்படுவதும், பின்னொரு நாள் அத்தொழிலாளி நீதிமன்றத்தின் முன் நிற்கும்போது அவர் நிலையான தொழிலாளியா, வந்து போனவரா என்பதைத் தீர்மானிக்கக் கூடும். பண்டிகைக்கு முன் கணக்கை முடித்து, பண்டிகை கழிந்தபின் புதிய ஆளாகப் பதிந்துகொள்ளும் வழக்கம் சில ஒப்பந்தக்காரரிடம் இருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் அதனை முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று புதிய நெறித்தொகுப்பும் கூறுகின்றது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், ஆலையின் பதிவேட்டோடு ஒப்பந்தக்காரரின் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் கட்டங்களை முதலில் பார்ப்பது நலம்.