இதுவரை கடையாத சாமான் கேட்டு வந்தால்

சுயதொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்வது மரக் கடைசல். அதையே பேசுறேன்.

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் மரச் சொப்பும் நடைவண்டியும் கடைவது பழைய தொழில். மெஷினில் கட்டையைச் சுழல விட்டு, உளி வைத்து உருட்டி எடுப்பதுதான் கடைசல். சப்பாத்திக் கட்டை, தயிர் மத்து, பம்பரம், கட்டில் கால் எல்லாம் அப்படி வருவதுதான்.

சப்பாத்திக் கட்டைக்கு விலை சொல்வது நான் இல்லை, கடைக்காரர். "வெளியூர்ல இருந்து இதைவிடக் கம்மியா வருதும்மா" என்பார். நாம வாயை மூடிக்கணும். ஆனால் ஒருத்தர் உடைஞ்ச கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றால், அதற்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. நாமதான் சொல்லணும். இந்த மாதிரித் தனி ஆர்டரில்தான் கையில் நாலு காசு நிற்குது. பயமும் அதில்தான் இருக்கு. அதனால் வேலையை எப்படி வாங்கணும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

முதல் விஷயம், "எதுக்கு?" என்று கேட்கணும். ஒரு அண்ணன் வந்து, ஒரு சாண் நீளத்துக்கு உருண்டைக் கட்டை வேணும் என்றார். எதுக்குண்ணே என்று கேட்டேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து விரல் சரியா மடங்கவில்லை, கரண்டிக்குக் கைப்பிடி போடணும் என்றார். அப்போ நீளம் முக்கியம் இல்லை, பருமன்தான் முக்கியம். நேரில் போய், ஒரு குச்சியில் துணியைச் சுற்றி மூணு பருமனில் அந்த அம்மா கையில் கொடுத்துப் பார்த்தேன். ரெண்டாவது நின்னது. கனம் இல்லாத பாலை மரத்தில், நடுவில் கொஞ்சம் புடைப்பு வைத்துக் கடைந்து கொடுத்தேன். அந்த அம்மா ரசம் சாதத்தைத் தானே அள்ளிச் சாப்பிட்டாங்க. அதற்கு மரம் ஒரு சாண்தான். ஆனால் போய் வந்த நேரத்தையும் சேர்த்துத்தான் கூலி வாங்கினேன். பிரியம் வேற, கூலி வேற.

ரெண்டாவது அளவு. வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. உடைஞ்ச துண்டையே வாங்கி வைக்கணும். சாமானைக் கொண்டு வர முடியாது என்றால் நூலைச் சுற்றி அளக்கலாம். பள்ளிக்கூடத்தில் 22-க்கு 7 என்று படிச்சோமே, அது இங்கேதான் உதவுது. நூல் 11 சென்டிமீட்டர் வந்தால் குறுக்களவு மூன்றரை. நல்ல மரத்தில் உளி வைக்கும் முன்னே, விலை கம்மியான கட்டையில் ஒரு மாதிரி கடைந்து காட்டிடணும்.

மூணாவது மரம். பச்சை மரத்தில் கடைந்தால் அன்றைக்கு வட்டமாத்தான் இருக்கும். காயக் காய முட்டை மாதிரி கோணிடும், வெடிக்கவும் செய்யும். வாரம் ஒரு தடவை கட்டையை எடை போட்டுப் பாருங்கள். எடை இறங்காமல் நின்றால் காய்ஞ்சிருச்சு என்று அர்த்தம். ஆர்டர் கொடுத்தவர் அவசரப்படுகிறார் என்று மரம் அவசரப்படாது.

நாலாவது பணம். ஒரு கட்டில் காலுக்கு நான் எழுதுகிற கணக்கைச் சொல்றேன். மரம் 220 ரூபாய். மாதிரிக் கட்டை 60. கரண்ட், உப்புத்தாள், உளி சாணை 50. நாலு மணி நேரம், மணிக்கு 100 என்று 400. மொத்தம் 730. சமையலுக்கு நடுவில் செய்தாலும் மணி மணிதான். மரக்காசும் மாதிரிக்காசும் முன்பணமா வாங்காமல் மெஷினை ஓட விடுவதில்லை. நடுவில் அவர் மனசு மாறினாலும் நம்ம கைக்காசு போகாது.

அஞ்சாவது, வேண்டாம் என்று சொல்லப் பழகணும். ஒருத்தர் புதுசாத் தூண் குமிழ் கடைந்து, சாயம் ஏற்றி, நூறு வருசத்துப் பழசு மாதிரி பண்ணித் தரச் சொன்னார். பழைய சாமான் என்று சொல்லி விற்கப் போகிறார். நல்ல காசுதான். முடியாது அண்ணாச்சி என்றுட்டேன். பழைய மாதிரியில் புதுசு என்று சொல்லி விற்பதானால் நாளைக்கே கடைந்து தருவேன்.

சொப்பு ஆர்டர் எடுக்கிறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. அதனால் முதலில் பதிவை முடிச்சுடுங்கள்.

பாதுகாப்பையும் சொல்லிடுறேன். சுழலும் மெஷினுக்கு நம்ம முந்தானை தெரியாது. முந்தானையை இழுத்துச் செருகி, மேலே கை குட்டையான சட்டை போட்டு, கொண்டை கட்டி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நில்லுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கண்டிப்பா வேணும்.

"வீட்டுல ஆம்பளை இல்லையாம்மா?" என்று இன்னும் சிலர் வந்து கேட்கிறார்கள். "இருக்காங்கண்ணே. ஆனா மெஷின்ல நிக்கிறது நான்தான், அளவை என்கிட்டயே சொல்லுங்க" என்பேன். சண்டை போட வேண்டியதில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்து, எதுக்கு, எந்த மரம், என்ன அளவு என்று கேட்க ஆரம்பித்தால் அவரே உட்கார்ந்து பதில் சொல்லுவார்.

தையல், பாய், கூடை என்று எந்தத் தொழில் செய்கிற அக்காவுக்கும் இது பொருந்தும். கூட்டமைப்பிடம் ஒரு வேண்டுகோள். கூட்டமைப்பு மூலமா வரும் ஆர்டருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எதுக்கு, மாதிரி, முன்பணம், தேதி நாலும் எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கட்டும். முன்பணம் இல்லாத ஆர்டரை எந்தக் குழுவும் எடுக்க வேண்டாம் என்று ஒரு தீர்மானமும் போடுங்கள். ஒருத்தி கேட்டால் "ரொம்பத்தான் பண்ணுறா" என்பார்கள். எல்லாரும் கேட்டால் அதுதான் வழக்கம்.