புண்ணாக்குக்கு எவ்வளவு சூடு?



ராஜஸ்தானில் கோடையில் மேய்ச்சல் குறையும். காய்ந்த தட்டை மட்டும் தின்னும் செம்மறிக்குப் புரதச் சத்து போதாது. குட்டி வளர, பால் சுரக்க, கம்பளி வளரப் புரதம் வேண்டும். அதற்காகக் காசு கொடுத்துக் கடுகுப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் வாங்குகிறார்கள். 100 கிலோ கடலைப் புண்ணாக்கில் சுமார் 40 கிலோ புரதம் உண்டு.

அது முழுவதும் ஆட்டின் உடம்பில் சேருமா? சேராது. ஏன்?

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறை பெருவயிறு. அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை புரதத்தை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அதை எடுத்துக்கொண்டு அவை பெருகுகின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே ஆட்டுக்குப் புரத உணவாகின்றன. இது நல்லதுதான்.

ஆனால் அம்மோனியா மிஞ்சினால் என்ன ஆகும்? அது இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்கே யூரியாவாக மாறுகிறது. அதில் பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. கொடுத்த காசும் அதோடு போகிறது.

இங்கே சூடு உதவுகிறது. அளவாகச் சூடு பட்ட புரதத்தை நுண்ணுயிர்களால் விரைவில் உடைக்க முடியாது. அது பெருவயிற்றைக் கடந்து சிறுகுடலுக்குப் போகும். அங்கே செரித்து உடம்பில் சேரும். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் இது நல்ல பலன் தரும்.

அப்படியானால் இன்னும் சூடாக்கலாமா? கூடாது. சூடு மிஞ்சினால் புரதம் சர்க்கரைப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். புண்ணாக்கு கருகும். அந்தப் புரதம் சிறுகுடலிலும் சரியாகச் செரிக்காது. புழுக்கையோடு வெளியேறும். மூட்டையில் எழுதிய புரத அளவு இதைக் காட்டாது. புண்ணாக்கு கருகினாலும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஆகவே, வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள். வழக்கத்தைவிடக் கறுத்திருக்கிறதா? கருகல் வாடை வருகிறதா? வாங்க வேண்டாம். பூசணம் பிடித்ததும் வேண்டாம். பூசண நஞ்சு சூடாக்கினாலும் போகாது.

வீட்டில் புண்ணாக்கை வறுக்காதீர்கள். அடுப்பில் சூட்டின் அளவு தெரியாது. எந்தப் புண்ணாக்கு, எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ராஜஸ்தானில் அவிகாநகரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1962 முதல் இயங்குகிறது. அங்கும் கேட்கலாம்.

காசு கொடுத்து வாங்கிய புரதம் ஆட்டின் உடம்பில் சேரட்டும்.