சீட்டு ஆபீசில் ஒரு நடிகர்

திருவனந்தபுரத்துக்காரரான நடிகர் ஜோபியின் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது. மலையாளப் படத்தின் சிரிப்புக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினால், ‘அட, இவரா!’ என்பார்கள். 1980-களிலிருந்து நடித்துவரும், உயரம் குறைந்த மனிதர்.

படப்பிடிப்பு இல்லாத நாளில் அவர் கே.எஸ்.எஃப்.இ. அதிகாரியாக இருந்தார். கேரள அரசு நடத்தும் சீட்டு நிறுவனம் அது. சீட்டு எடுத்தவர் ஜாமீன் பத்திரங்களோடு அதிகாரி முன்னால்தான் உட்கார வேண்டும். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தவரும் அங்கே கொஞ்சம் பவ்யமாகத்தான் இருந்திருப்பார். எனக்கென்னவோ அவருடைய வேடங்களிலேயே இதுதான் பிடிக்கிறது.

உயரம் குறைந்தவர் சினிமாவில் நாயகனானதும் உண்டு. வினயன் இயக்கி 2005-இல் வந்த ‘அற்புதத் தீவு’ தமிழிலும் ஓடியது. 76 சென்டிமீட்டர் உயரமுள்ள அஜயகுமார் அதில் நாயகனாகி, ‘கின்னஸ் பக்ரு’ ஆனார். நம் ‘டிஷ்யூம்’ படத்தில் ஜீவாவோடு வருவாரே, அவரேதான். 2013-இல் ‘குட்டியும் கோலும்’ படத்தை இயக்கவும் செய்தார். ஆனால் ஊரில் எத்தனை பேர் சினிமாவுக்குப் போய்விட முடியும்?

அதனால்தான் உயரம் குறைந்தவர்களின் அமைப்புக்குத் தலைமை ஏற்ற ஜோபியின் பணி முக்கியமாகிறது. சட்டத்திலேயே இவர்களுக்குத் தாமதமாகத்தான் இடம் கிடைத்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளை எண்ணியது. குள்ளத்தன்மையைப் பேர் சொல்லிக் குறிக்கவில்லை. கைகால் நன்றாகத்தானே இருக்கிறது என்ற எண்ணமோ என்னவோ! 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றது. வளர்ந்தவரின் உயரம் 147 சென்டிமீட்டர், அதாவது நாலடி பத்தங்குலம் அல்லது அதற்குக் கீழ் என்பது கணக்கு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் கைகால் இயக்கக் குறைபாடு, தசைச்சிதைவு உள்ளோர், அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருடன் சேர்த்து இவர்களுக்கும் ஒரே ஒரு சதவீதம். அதற்கும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழ் கையில் இருந்தாலும் ஏ.டி.எம். பொத்தான் எட்டாது. பின்னால் நிற்பவரிடம் கார்டைக் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லி, பணம் எடுத்துத் தரச் சொல்ல வேண்டியதுதான். பஸ்ஸில் நமக்கு முழங்காலளவு வரும் முதல் படி, மூன்றடி ஆளுக்கு ஏறக்குறைய இடுப்பளவு. திருவனந்தபுரத்தில் தாழ்தளப் பஸ்கள் ஓடுகின்றன. பழைய உயரப்படி பஸ் வந்து நின்றால், கண்டக்டர் கை கொடுக்கிறாரா, விசில் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.